துர்கா உட்காரமாட்டாள்

டீ கிளாஸை வாயில் வைத்தபடியே துர்கா எழுந்து நிற்கிறாள். மைதானத்தின் அந்தக் கோடியில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அருகே, ஒரு கறுப்புக் குடை தெரிகிறது. குடைக்கு அடியில் வருவது தோத்தாத்ரி சார்தானா என்பது இன்னும் நிச்சயமில்லை. போன வாரம் இப்படித்தான் ஒரு குடைக்கு எழுந்தாள். பக்கத்தில் வந்த பிறகு பார்த்தால் புதுக் கட்டடத்து மேஸ்திரி. எழுந்த பிறகு உடனே உட்கார்ந்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார் என்று, அவர் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் மறையும் வரை நின்றாள். மேஸ்திரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் அவர் நடையில் ஒரு மிடுக்கு இருந்ததாகச் சித்தாள்கள் சொன்னார்கள்.

துர்காவுக்கு வயது இருபத்தாறு. உயரம், ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருக்கும் இந்தக் கல்லூரியில் அவள் மூன்று வருடம் வரலாறு படித்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. உண்மையில் படித்தது கூடைப்பந்து. மொகலாய மன்னர்களின் வரிசையைக் கேட்டால் இரண்டாவது ஆளிலேயே தடுமாறுவாள். ஆனால் எதிரணியில் யாருக்கு இடது கை பலம், யார் ஓடும்போது தலையைக் குனிவாள் என்பதெல்லாம் இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வாள்.

படிப்பு முடிந்து சில வருடம் தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு சட்டைக் கம்பெனியில் பொத்தான் சரிபார்த்தாள். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அங்கே செய்யக்கூடிய ஒரே காரியம் டியூப்லைட் மாற்றுவது. அதற்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். “பேஜாரா பூட்ச்சி. பொத்தான எண்ணி எண்ணி கனாவுல கூட நாலு ஓட்ட வருது” என்று சொல்லி வேலையை விட்டாள். பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தாள். இரண்டாயிரத்து ஏழாம் வருடம் ஜூலையில், தான் ஆடிய மைதானத்துக்கே பெண்கள் அணியின் உதவி கோச்சாகத் திரும்பி வந்தாள். தற்காலிக நியமனம்தான். அந்த வருடத்துப் போட்டிகள் முடிகிற வரை பார்ப்பார்கள், பிறகு முடிவு செய்வார்கள்.

உத்தியோகம் என்று வந்துவிட்டால் உடுப்பு என்று ஒன்று உண்டே! பெண் ஆசிரியர்கள் துப்பட்டா போட வேண்டும் என்பது கல்லூரியின் விதி. கோச் என்றால் டிராக் சூட் போட வேண்டும் என்பது விளையாட்டுத் துறையின் விதி. துர்கா இரண்டையும் மதித்தாள். நீல டிராக் சூட்டின் மேல் மஞ்சள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு, இடுப்பில் இறுக முடிந்துகொண்டு பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். முதல் வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சிரிக்க அவர்களுக்கு மூச்சு மிஞ்சவில்லை. அவ்வளவு ஓட்டம். அவளை ‘மேடம்’ என்று கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் பந்து கைக்கு வந்ததும் எல்லோர் வாயிலும் ‘அக்கா’தான் வந்தது.

அவளுடைய குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அம்மா வழிச் சொத்து. கானத்தூர் பக்கத்துக் குப்பத்திலிருந்து அன்றாடம் மீன்கூடையோடு கிளம்பும் முத்தாலம்மாள், கீழ்க்கட்டளையில் ஒரு தெருமுனையில் குத்துக்காலிட்டு அமர்ந்து குரல் கொடுத்தால் மூன்றாவது மாடியில் குக்கர் வைத்துக்கொண்டிருக்கும் பெண்மணி அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வருவாள். முத்தாலம்மாளின் ஒரு கை ஈ ஓட்டிக்கொண்டே இருக்கும். மறு கை மீனைத் திருப்பிச் செவுளைக் காட்டும். துர்கா ஆடிய காலத்தில் அந்தக் குரலால்தான் பாதி ஆட்டம் ஜெயித்தது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் ஊதிக்கொண்டு போகும், மேலே மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் இரையும், இரண்டையும் மீறிக்கொண்டு “பின்னாடி வர்றா பாரு!” என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

தோத்தாத்ரி சாரின் குரலோ, பக்கத்தில் நின்றாலே பாதிதான் கேட்கும். உடற்கல்வி இயக்குநர். நெற்றியில் பளிச்சென்று நாமம், வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, வெயிலோ மழையோ கையில் குடை. பயிற்சி என்றால் விசில் இருக்கிறது. போட்டியில் கோச் விசில் ஊதக் கூடாதே! அதனால் போட்டி தொடங்கியதும் எழுந்து நிற்பார். முடியும் வரை நிற்பார். கையையும் குடையையும் ஆட்டி ஆட்டியே அணியை நடத்துவார். முப்பது வருடமாக அப்படித்தான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு இடமும் இருக்கவில்லை. பெஞ்சில் அவர் ஒருவர்தானே கோச்!

இப்போது இரண்டாவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

கூடைப்பந்துச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆட்டம் நடக்கும்போது கோச், உதவி கோச் இரண்டு பேரில் ஒருவர் மட்டுமே நிற்கலாம். மற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மீறினால் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோவும் கையில் பந்தும். விதி துர்காவுக்குத் தெரியாதா? பெங்களூரில் அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியவள்தான். ஆனால் சட்டம் தெரிந்தது மூளைக்கு. சாரைத் தெரிந்தது முழங்காலுக்கு.

முதல் போட்டி. சார் எழுந்தார். துர்காவும் எழுந்தாள். நடுவர் பொன்னுரங்கம் கையைக் கீழே அமுக்கிக் காட்டி எச்சரித்தார். துர்கா உட்கார்ந்தாள். சார், ‘என்ன ஆயிற்று?’ என்று திரும்பிப் பார்த்தார். சார் பார்க்கிறாரே என்று துர்கா எழுந்தாள். விசில் ஊதியது.

இரண்டாவது போட்டியில் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி முக்கால்வாசி ஆட்டம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் சார் குடையைக் கீழே போட்டார். அதை எடுத்துக் கொடுக்க எழுந்தாள். மறுபடி விசில். எதிரணிக் கோச், ஆட்டம் முடிந்ததும் துர்காவின் கையைக் குலுக்கி, “ரொம்ப தேங்க்ஸ் மேடம்” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முதல்வர் லோகநாயகி மேடம் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். சார் நாற்காலியில் உட்கார்ந்தார். துர்கா அவருக்குப் பின்னால் நின்றாள்.

“அசிஸ்டென்ட் கோச் எதுக்கு சார் போட்டோம்? நமக்குப் பாயின்ட் வரணும்னுதானே? இவங்க வந்ததுலேர்ந்து அடுத்தவங்களுக்குப் போறது. பைனல்ல இன்னொரு ஃபவுல் பெஞ்சுக்கு வந்தா, அடுத்த வருஷம் ஆர்டர் போட முடியாது. மேனேஜ்மென்ட்ல கேக்கறாங்க. ஐ ஆம் சாரி துர்கா. முதல்ல உட்காருங்க.”

“பரவால்ல மேடம்.”

லோகநாயகி மேடம் தோத்தாத்ரி சாரைப் பார்த்தார். அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் சாருக்கே பொறுக்கவில்லை. “ஏம்மா, திருநீர்மலையில பெருமாள் நின்னுண்டும் இருக்கார், உட்காந்துண்டும் இருக்கார், படுத்துண்டும் இருக்கார், நடந்துண்டும் இருக்கார். அவருக்கே நாலு தெரியறது. உனக்கு நிக்கறது ஒண்ணுதான் தெரியுமா?”

“தெரிது சார். காலு கேக்க மாட்டேன்து சார்.”

அணித் தலைவி அஞ்சலி ஒரு யோசனை சொன்னாள். குரோம்பேட்டைப் பெண், எதற்கும் அவளிடம் ஒரு யோசனை இருக்கும். “அக்கா, துப்பட்டாவ சேரோட சேர்த்துக் கட்டிடலாம். எழுந்தா இழுக்கும், ஞாபகம் வந்துடும்.” பயிற்சி ஆட்டத்தில் கட்டிப் பார்த்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சார் எழுந்தார், துர்கா எழுந்தாள், பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே எழுந்தது. அதோடு நாலு அடி நடந்தும்விட்டாள். அன்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டார்கள். துர்காவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மேடவாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டேதான் போனாள். பொத்தான் கம்பெனிக்குத் திரும்பப் போவதை நினைத்தாலே அந்த நாலு ஓட்டைதான் கண்முன் வந்தது. அந்த மைதானத்தைத் தவிர அவள் தலை இடிக்காத இடம் ஊரில் வேறு எதுவும் இல்லை.

வீட்டில் முத்தாலம்மாளுக்கு இந்த விவகாரம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

“அவுரு நின்னா நிக்கட்டும். நீ குந்தினா இன்னா? கொல கேசா?”

“உனுக்குத் தெரியாதும்மா.”

“இன்னா தெரியாது? நான் தெனமும் குந்திகினேதான் ஊரையே கூப்புடுறேன். நின்னுகினு கத்துனா எனுக்குத் தொண்டையே வராது. குந்தினாதான் அடி வவுத்துலேர்ந்து வரும். நீ இன்னாடான்னா குந்தறதுக்கே அய்வுற.”

துர்கா தட்டைக் கழுவி எடுத்து வந்தாள். பிறகு சொன்னாள்: “அவுரு நம்ம வூட்டுக்கு வந்தாரே, ஞாபகம் கீதா?”

முத்தாலம்மாளுக்கு ஞாபகம் இல்லாமல் என்ன! பள்ளிக்கூடப் போட்டியில் இவள் உயரம் தாண்டியதைப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு, நாமமும் குடையுமாகக் குப்பத்து மணலில் ஒரு மனிதர் நடந்து வந்தார். வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. சென்னாங்குன்னி என்கிற பொடி இறால் வேறு. காற்று அந்தப் பக்கமாகவே அடித்தது. வெங்காயம் பூண்டுகூடத் தொடாத மனிதர், அதன் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கொடுத்த கோலி சோடாவைக் குடித்து, “உங்க பொண்ண எங்க காலேஜுக்கு அனுப்புங்கோ” என்று கேட்டார்.

“அன்னிக்கி அவுரு மூக்கப் பொத்தலமா” என்றாள் துர்கா. “எத்தினி பேரு நம்மாண்ட வந்து கர்சீப்ப எடுத்துக்கினாங்கோ. அவுரு எடுக்கல. அப்ப எயுந்து நின்னேன். இன்னும் குந்தல.”

முத்தாலம்மாள் சோற்றைப் போட்டு, மீன் துண்டில் பெரியதை மகள் தட்டில் வைத்தாள்.

இறுதிப் போட்டி தாம்பரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில். அன்று காலை சார் திருநீர்மலைக்குப் போய்ப் படியேறிவிட்டு வந்திருந்தார். எல்லோருக்கும் துளசி கொடுத்தார். கூடவே ஒரு திட்டமும் கொண்டு வந்திருந்தார்.

“நீ உட்கார வேண்டாம். நீ நில்லு. நான் உட்காந்துடறேன். நான் உட்காந்து நீ நின்னா உனக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஒண்ணியும் ஆவாது சார்!” என்றாள் துர்கா. இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று அஞ்சலி தலையில் அடித்துக்கொண்டாள்.

அருமையான திட்டம். சார் வெள்ளைத் துண்டை விரித்து நாற்காலியில் அமர்ந்தார். துர்கா கோட்டோரம் நின்றாள். குரலை அவிழ்த்துவிட்டாள். “அஞ்சலி, அந்த நெட்டச்சிய வுடாத! ஒட்டிகினே போ!” என்றபோது பார்வையாளர்களில் இருந்த ஒரு காவலர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் லோகநாயகி மேடம், பார்வையைப் பாதி ஆட்டத்தின் மேலும் பாதி பெஞ்சின் மேலும் வைத்திருந்தார். நம் அணி ஏறியது, சறுக்கியது, மறுபடி ஏறியது.

ஆனால் ஒன்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. துர்காவின் முழங்காலுக்கு ஒரு பழக்கம் இருந்தால், சாரின் முழங்காலுக்கு முப்பது வருடப் பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பாவம், மனிதர் என்னென்னவோ செய்து பார்த்தார். காலோடு கால் பின்னிக்கொண்டார். குடையை மடியில் குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டார். உதடு மட்டும் எதையோ ஜபித்துக்கொண்டிருந்தது. கடைசி நிமிடம் வரை அப்படியே ஒப்பேற்றினார்.

நம் அணி ஒரே ஒரு பாயின்ட் முன்னால். மிஞ்சியிருப்பது சில நொடிகள். பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. இனி எதிரணி அதை உள்ளே எறிய வேண்டும். ஒரு கூடை போட்டால் கோப்பை அவர்களுக்கு. நடுவர் பொன்னுரங்கம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம் பெஞ்சுக்கு எதிரிலேயே நின்றார்.

சார் எழுந்துவிட்டார்.

எழுந்தது அவருக்கே தெரியாது. குடையை நீட்டி, “அஞ்சலி! கை! கை!” என்று அந்த மெல்லிய குரலில் கத்திக்கொண்டு கோட்டோரம் வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் செங்கல்பட்டு போகும் ரயில் ஊதிக்கொண்டு கடந்தது. அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்காது.

பொன்னுரங்கம் பார்த்தார். நிற்பவர்கள் இரண்டு பேர். விசில் அவர் உதட்டுக்குப் போனது. முன்வரிசையில் லோகநாயகி மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

துர்காவுக்கு அந்த ஒரு கணத்தில் எல்லாம் தெரிந்தது. கோப்பை, வேலை, பொத்தான், நாலு ஓட்டை. பின்னால் நாற்காலி காத்திருந்தது. உட்கார வேண்டியதுதான். முழங்கால் மடங்கவில்லை. சார் நிற்கிறார், நாற்காலியில் எப்படி உட்காருவது? சாரைத் தொட்டு உட்காருங்கள் என்று சொல்வதா? அதற்கு நாக்கு எழவில்லை.

நாற்காலியில்தானே முடியாது!

சட்டென்று துர்கா நின்ற இடத்திலேயே, மண் தரையில், குத்துக்காலிட்டு அமர்ந்தாள். அவ்வளவு உயரமும் மடங்கி ஒரு கூடை அளவுக்கு வந்துவிட்டது. மஞ்சள் துப்பட்டாவை இழுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

பொன்னுரங்கம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “என்னம்மா இது?”

“குந்திகினு கீறேன் சார்.”

பொன்னுரங்கம் யோசித்தார். இருபது வருடமாக நடுவர். நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இவள் நிற்கவில்லை என்பதைக் கண்ணுள்ள யாரும் மறுக்க முடியாது. தரையில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தலையை ஒரு தடவை சொறிந்துகொண்டு, பந்தை எதிரணிப் பெண்ணிடம் கொடுத்தார்.

அடுத்து வந்த குரல் துர்காவுடையதுதானா என்று பிள்ளைகளுக்கே சந்தேகம் வந்ததாம். நின்றுகொண்டு கத்தியபோது கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ரயிலைப் பிளந்துகொண்டு போனது.

“ஏ அஞ்சலி! எடப்பக்கம் வர்றா பாரு! கைய தூக்கு! தூக்கினே இரு! எறக்காதமே!”

கத்திக்கொண்டே அவளுடைய வலது கை தன்பாட்டுக்கு முன்னால் வீசிக்கொண்டிருந்தது, ஈ ஓட்டுவதுபோல.

அஞ்சலி கையைத் தூக்கினாள். அந்த நெட்டைப் பெண் எறிந்த பந்து அஞ்சலியின் விரல் நுனியில் உரசி, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வேண்டாம் என்று முடிவு செய்து வெளியே விழுந்தது. நேரம் முடிந்த மணி அடித்தது.

பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். தோத்தாத்ரி சார் குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். பிறகு துர்காவைத் தேடினார். வழக்கமாகத் தேடும் உயரத்தில் அவள் இல்லை. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கடைசியாகக் கீழே பார்த்தார். மண்ணில் குத்துக்காலிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு அப்போதுதான் தான் நின்றுகொண்டிருப்பதே உறைத்தது. “அடடா, பெருமாளே!” என்று தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் துர்கா எழுந்து, பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நின்றாள்.

லோகநாயகி மேடம் வந்தார். அணியை வாழ்த்தினார். துர்காவை மேலும் கீழும் பார்த்தார். “ஜூன்ல காலேஜ் திறந்ததும் என் ரூமுக்கு வாங்க. ஆர்டர் ரெடியா இருக்கும்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த துப்பட்டா வேணாம்னாலும் பரவாயில்ல” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கரும்புச்சாறு வண்டியைத் தேடிப் போய்விட்டார்கள். பெஞ்சுப் பக்கம் சாரும் துர்காவும்தான். சார் தன் வெள்ளைத் துண்டால் பக்கத்து நாற்காலியைத் தட்டித் துடைத்தார்.

“முப்பது வருஷமா நான் நின்னேன், எனக்கே கால் வலிக்கறது. இப்பவாவது உட்காரேம்மா.”

துர்கா அந்த நாற்காலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ‘பரவால்ல சார்’ என்று வாய் வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவருடையதற்கு ஒரு சாண் பின்னால் இழுத்துப் போட்டு, அதன் விளிம்பில் உட்கார்ந்தாள்.